இரண்டாம் வடிவம்

என் மனைவியின் கை நடுக்கத்தை நிறுத்தியவன் தேவசகாயம். அந்தத் தேவசகாயத்தை எனக்கு முப்பது வருஷமாகப் பிடிக்காது. இந்த இரண்டையும் ஒரே வீட்டில் வைத்துக்கொண்டு குடித்தனம் நடத்திப் பாருங்கள், நான் ஏன் இப்படி ஆனேன் என்று தெரியும்.

மங்கையர்க்கரசி பல் டாக்டர். திருவானைக்காவலில் பதினெட்டு வருஷம் கிளினிக் நடத்தியவள். நாற்பத்து நான்கு வயதில் வலது கை நடுங்கத் தொடங்கியது. முதலில் காபி டம்ளர், பிறகு கையெழுத்து, பிறகு ஊசி. ஒருநாள் ஒரு நோயாளியின் ஈறில் போட வேண்டிய ஊசியை உதட்டில் குத்திவிட்டாள். அன்று மாலையே பெயர்ப் பலகையைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். நோயின் பெயர் நீளம், விஷயம் சின்னது. மூளையின் ஒரு மூலையில் நரம்பணுக்கள் துருப்பிடித்துச் செத்துக்கொண்டிருந்தன. அதற்கு அப்போது மருந்து கிடையாது.

தேவசகாயமும் நானும் திருச்சியில் ஒரே கல்லூரியில் வேதியியல் படித்து, ஒரே ஆராய்ச்சிக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவன் புதுப் பொருள்களைச் செய்கிறவன். நான் அவற்றின் படிகத்தை எக்ஸ்ரேயில் வைத்து, எந்த அணு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று சொல்கிறவன். விருந்து முடிந்ததும் சமையல்காரரைத்தான் கூப்பிட்டுப் பாராட்டுவார்கள், பந்தியில் உப்பு சரியா என்று பார்த்தவனை யார் கேட்கப் போகிறார்கள்? அவனுக்கு மார்பு வரை தாடி, கூடம் அதிரும் குரல், யாரைப் பார்த்தாலும் தோளில் கை. எனக்கு ஒரு குளிர்ந்த அறையும் ஒரு இயந்திரமும்.

அவன் செய்த மருந்துக்கு டி.எஸ்.31 என்று பெயர். முப்பத்தொன்று என்பது முயற்சியின் எண். டி.எஸ். யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. பரிசோதனைக்கு எடுத்துக்கொண்ட பதினொரு நோயாளிகளில் மங்கையும் ஒருத்தி. ஒரு சின்னப் பாட்டிலில் பழுப்புப் பொடி கொடுத்தார்கள். தினமும் காலையில் ஒரு சிட்டிகை நாக்குக்கு அடியில்.

முதல் வாரம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டாள். “இது உள்ள போய் என்னதான் பண்ணுது?”

“நாலு கை உள்ள ஒரு மூலக்கூறுன்னு வெச்சுக்கோ. ஷிஃப் காரம்னு பேரு. ரெண்டு கை நைட்ரஜன், ரெண்டு கை ஆக்சிஜன். நாலும் சேந்து நடுவுல ஒரு மாங்கனீசைப் பிடிச்சுக்கும். மொத்தமும் தட்டையா இருக்கும். மாங்கனீசுக்குத் தலைக்கு மேல ஒரு எடம், காலுக்குக் கீழ ஒரு எடம் மிச்சம். அங்க மட்டும் பிடி தளர்வு. தண்ணி வந்து சும்மா ஒக்காந்திருக்கும்.”

“அப்புறம்?”

“உன் நரம்பை அரிக்கிற விஷ ஆக்சிஜன் வந்தா, தண்ணி எழுந்து எடம் குடுத்துடும். மாங்கனீசு அந்த விஷத்தைப் பிடிச்சு ஒடச்சு அனுப்பிடும். திரும்ப எடம் காலி. அடுத்தது வரும்.”

“இதையெல்லாம் சகாயம் சார் எப்படித்தான் யோசிச்சாரோ.”

“எந்த அணு எங்க இருக்குன்னு பாத்துச் சொன்னது நான்.”

“அதைத்தாங்க சொல்றேன். அவர் செஞ்சதாலதானே உங்களால பாக்க முடிஞ்சுது.”

நான் ரசத்தை ஊற்றிக்கொண்டேன்.

பத்தொன்பதாவது நாள் அவள் ஊசியில் நூல் கோத்தாள். மூன்றாவது மாதம் பலகை மறுபடியும் ஏறியது. கிளினிக் திறந்ததும் முதல் பல்லை அடைத்துக்கொண்டவன் தேவசகாயம்தான். முக்கால் மணி நேரம் என் மனைவி அவன் வாய்க்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வெளியே போன வருஷத்து வார இதழைப் புரட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே அவன் சிரிப்பதும், சிரிக்காதீங்க சார் என்று அவள் சிரித்துக்கொண்டே சொல்வதும் கேட்டது. அவர்களுக்குள் தப்பாக எதுவும் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும், நேராகச் சண்டை போட்டிருக்கலாம்.

ஆய்வுக் கட்டுரையில் பதினாறு பெயர்கள். என் பெயர் ஏழாவது.

அந்த ஏழாவது இடத்தில் உட்கார்ந்துகொண்டுதான் இரண்டாம் வடிவத்தைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தேன். தேவசகாயத்திடம் மறைக்கவில்லை. கேன்டீனில் வைத்துச் சொன்னேன்.

“சகாயம், இதுக்கு இன்னொரு வடிவம் இருக்கும்னு தோணுது. தண்ணியே இல்லாம, ரெண்டு மூலக்கூறு நெருங்கி வந்து ஒண்ணை ஒண்ணு பிடிச்சுக்கும். இதோட ஆக்சிஜன் அதோட மாங்கனீசுல, அதோட ஆக்சிஜன் இதோட மாங்கனீசுல.”

“அப்ப காலி எடமே இருக்காதே.”

“இருக்காது. கரையவும் செய்யாது.”

அவன் வடையைக் கீழே வைத்தான். “அது மருந்தில்லப்பா, கல்லு. அதைத் தேடாத, சிதம்பரம். ஒருதடவ பொறந்துட்டா அப்புறம் அதுதான் எங்க பாத்தாலும் வரும். உனக்குத் தெரியாததா?”

எனக்குத் தெரியும். படிகத்துக்கு விதை உண்டு. கண்ணுக்குத் தெரியாத ஒரு தூசி போதும், கரைசல் முழுக்க அந்தத் தூசியின் வடிவத்திலேயே படியும். ஒரு பொருளுக்கு இரண்டு வடிவம் இருந்து, உறுதியான வடிவம் எங்கேயாவது ஒருமுறை பிறந்துவிட்டால், அதன் தூசி சட்டையிலும் முடியிலும் ஏறிக்கொண்டு ஆளோடு போகும். அது போகிற கூடங்களில் எல்லாம் பழைய வடிவம் வராமல் போகும். நேற்று வரை கிலோ கணக்கில் செய்துகொண்டிருந்ததை இன்று ஒரு கிராம் செய்ய முடியாது. இது எங்கள் தொழிலில் எல்லோரும் கேள்விப்பட்ட சங்கதி. என் அறைக் கதவில் நானே ஒரு தாள் ஒட்டியிருந்தேன். இந்த அறைக்குள் வந்தவர்கள் மூன்று நாள் கழித்து, தலைக்குக் குளித்து, உடை மாற்றிய பிறகே தயாரிப்பு அறைக்குப் போகலாம். கையெழுத்து என்னுடையது.

தேடினேன். பதினான்கு மாதம். ஈரமில்லாத ஆல்கஹாலில் கரைத்து, அடுப்பில் வைத்து, மாதக்கணக்கில் மெல்ல ஆறவிட்டு. ஒரு வெள்ளிக்கிழமை காலை கிடைத்துவிட்டது. கண்ணுக்கு அதே பழுப்புதான், எக்ஸ்ரேயில்தான் வித்தியாசம். இரண்டு மாங்கனீசும் ஒன்றையொன்று பார்த்தபடி, நடுவில் 3.3 ஆங்ஸ்ட்ராம் இடைவெளி. நான் சொன்னபடியே இருந்தது. அன்று நான் அடைந்த சந்தோஷத்தைக் கல்யாணத்தன்றுகூட அடையவில்லை. அந்தக் குழாயை அப்படியே உலையில் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. யாரிடமும் சொல்லாமல் உரலில் அரைத்துப் பொடியாக்கி, ஒரே ஒரு பெயர் போட்ட கட்டுரை எழுத உட்கார்ந்தேன்.

அந்த மாதம்தான் டி.எஸ்.31க்குப் பாராட்டு விழா வைத்தார்கள். நம் ஊரில் பொன்னாடை இல்லாமல் விழா ஏது? இயக்குநர் என்னைக் கூப்பிட்டார். “நீங்கதான் போத்தணும், சிதம்பரநாதன். முப்பது வருஷ நட்பு.” மறுக்க முடியுமா? பெரிய கடைவீதியில் பச்சைப் பட்டுச் சால்வை ஒன்று வாங்கிவந்து என் அறையில் வைத்தேன். நான்கு நாள் இருந்தது. உரல் இருந்த அதே மேஜையில், உரலுக்குப் பக்கத்தில்.

விழாவன்று விதிப்படி தலைக்குக் குளித்தேன். புதுச் சட்டை போட்டேன். சால்வையை மட்டும் மேஜையிலிருந்து எடுத்துக்கொண்டேன். எடுக்கும்போது நினைவு வந்ததா என்று இன்றைக்கும் என்னை நானே கேட்டுக்கொள்கிறேன். வந்தது என்றும் சொல்ல முடியவில்லை, வரவில்லை என்றும் சொல்ல முடியவில்லை. வராண்டாவில் நின்று சால்வையை இரண்டு முறை உதறினேன். ஏன் உதறினேன்? அதற்குப் பிறகு மேடைக்குப் போய்ப் போர்த்தினேன். சால்வையின் சரிகை அவன் தாடியில் மாட்டிக்கொள்ள, கூட்டம் சிரித்தது. அவன் என்னைக் கட்டிக்கொண்டு மைக்கில் சொன்னான். “இவன் கண்ணு இல்லைன்னா நான் குருடன்.” முன்வரிசையில் மங்கை இரண்டு கையாலும் தட்டினாள். அந்தக் கைகள் நடுங்காமல் திடமாக இருந்தன.

விழா முடிந்ததும் விருந்தினர்களுக்குக் கண்ணாடி வழியே காட்டுவதற்காக அவன் தயாரிப்பு அறைக்குள் போனான். சால்வையைக் கழற்றிவிட்டு, வெள்ளைக் கோட்டு, தொப்பி, தாடிக்கு வலை எல்லாம் போட்டுக்கொண்டுதான் போனான். வலை முடியைத் தடுக்கும், தூசியைத் தடுக்காது. நான் விருந்தினர்களோடு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பதினேழாவது நாள் ஒரு தயாரிப்பு கரைய மறுத்தது. அடுத்ததும் மறுத்தது. என் அறைக்கு அனுப்பினார்கள். இயந்திரத்தில் வைக்கும் முன்பே எனக்குத் தெரியும். பாத்திரங்களை அமிலத்தில் கழுவினார்கள், உடைத்துப் போட்டுவிட்டுப் புதிது வாங்கினார்கள், கட்டடத்தையே மாற்றினார்கள். தேவசகாயம் பெங்களூரில் ஒரு கூடத்துக்குப் போய்ச் செய்து பார்த்தான். அங்கேயும் கல்தான் வந்தது. விதை அவனோடேயே ரயிலேறிப் போயிருந்தது. அவன் தாடியை எடுத்துவிட்டு என் முன்னால் வந்து உட்கார்ந்தபோது எனக்கு அடையாளமே தெரியவில்லை. சின்ன முகம்.

“தாடிதான் காரணம்னு நெனக்கறேன், சிதம்பரம். எங்கியோ ரெண்டாம் வடிவம் தானாப் பொறந்திருக்கு. நான்தான் சொமந்துக்கிட்டு வந்திருக்கேன். பதினோரு பேரை நான் கொன்னுட்டேன்பா.”

“அப்படியெல்லாம் சொல்லாத,” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

மங்கையின் பாட்டிலில் இரண்டு மாதத்துக்கு மருந்து இருந்தது. பாட்டிலைத் தினமும் திறப்பதால் எங்கள் வீட்டுக் காற்றில் அதுவும் மாறத் தொடங்கியிருந்தது. ஒரு ஞாயிறு காலை, அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தபோது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பதினான்கு மாதம், உரல், சால்வை. கத்தியை நிறுத்தாமல் கேட்டாள்.

“தெரிஞ்சேவா செஞ்சீங்க?”

“தெரியல.”

“எது தெரியல? சால்வைல இருந்ததா, இல்ல தெரிஞ்சு செஞ்சீங்களாங்கறதா?”

“ரெண்டாவது.”

கொஞ்ச நேரம் நறுக்கினாள். “என் மேல உங்களுக்கு என்ன கோபம்?”

“உன் மேல இல்ல, மங்கை.”

“என் கைதானே போகப் போகுது.”

அவள் பீன்ஸை அள்ளிப் பாத்திரத்தில் போட்டாள். “சகாயம் சார்கிட்ட சொல்லிட்டீங்களா?”

“இல்ல.”

“சொல்ல வேண்டாம். அவரு உங்கள நம்பறாரு, பாவம்.”

அந்தச் சமயத்திலும் அந்தப் ‘பாவம்’ எனக்குச் சுருக்கென்றது. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

தேவசகாயம் விடுகிறவன் இல்லை. லடாக்கில், ஊரைத் தாண்டி ஒரு கட்டடம் பிடித்தான். ஈரமில்லாத காற்று, எங்கள் கூடத்து ஆட்கள் யாருமே மிதிக்காத மண். அங்கே புது ஆட்கள், புதுப் பாத்திரங்கள். முதல் வடிவம் அங்கே மறுபடி பிறக்கும் என்று கணக்கு. மருந்தை வெளியே அனுப்பினால் மாறிவிடும் என்பதால் நோயாளிகள் மருந்து இருக்கும் இடத்துக்கே போய்த் தங்க வேண்டும். ஒருமுறை கதவைச் சாத்தினால் இரண்டு வருஷத்துக்குப் புதிதாக யாரும் உள்ளே வர முடியாது.

போகிறவர்கள் சுத்தமாகப் போக வேண்டும். பெங்களூருக்கு வெளியே ஒரு வீடு எடுத்தார்கள். பதினொரு நோயாளிகளும் தேவசகாயமும் மொட்டை அடித்துக்கொண்டு, பழைய துணியை எரித்துவிட்டு, நாற்பது நாள் அங்கே இருந்தார்கள். முழங்கால் வரை இருந்த முடியை மங்கையும் கொடுத்தாள். மாதக்கணக்கில் அந்தப் பொடியைச் சுவாசித்த எனக்கு அந்த வீட்டு வாசல் வரை போகவும் அனுமதி இல்லை.

முப்பத்தைந்தாவது நாள் ஒவ்வொருவர் தோலிலும் காதிலும் பஞ்சால் துடைத்து, பஞ்சை மருந்துக் கரைசலோடு கண்ணாடிக் குழாயில் போட்டு, வாயை உருக்கி மூடி எனக்கு அனுப்பினார்கள். விதை இருந்தால் உள்ளே இரண்டாம் வடிவம் படிந்திருக்கும். திறக்காமல், குழாயோடு எக்ஸ்ரேயில் வைத்துப் பார்க்க வேண்டியது என் வேலை. வடிவத்தை அடையாளம் சொல்ல வேறு ஆள் இல்லை என்று தேவசகாயம் பிடிவாதமாக இருந்தான்.

“பேர் எழுதி அனுப்பாத, எண் போட்டு அனுப்பு,” என்று போனில் சொன்னேன்.

“நமக்குள்ள என்னப்பா எண்ணு,” என்றான். பன்னிரண்டு குழாயிலும் அவன் கையெழுத்தில் பெயர்கள் இருந்தன.

அவன் குழாயைத்தான் முதலில் வைத்தேன். அழுக்கு என்று வர வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவன் இல்லாவிட்டால் அங்கே மருந்து செய்ய ஆளில்லை என்று தெரிந்தும் ஆசைப்பட்டேன். சுத்தமாக இருந்தது. வரிசையாக மற்றவர்களைப் பார்த்தேன். பத்து நோயாளிகளும் சுத்தம். மங்கையைக் கடைசியில் வைத்தேன். இரண்டாம் வடிவத்துக்கு எக்ஸ்ரே வரைபடத்தில் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் ஒரு முள் எழும்பும், அது என் சொந்தக் கண்டுபிடிப்பு, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அந்த இடத்தில் சின்னதாக ஒரு முள் நின்றது.

சந்தோஷப்பட்டேன். ஒரு கணம்தான், ஆனால் பட்டேன். அவள் போக மாட்டாள், அவன் கையால் மருந்து வாங்கிச் சாப்பிட மாட்டாள், என்னோடு இருப்பாள். அதற்கப்புறம்தான் அவள் கை நினைவுக்கு வந்தது. குழாயைத் திருப்பி வைத்தேன், அதே முள். இயந்திரத்தைச் சரிபார்த்துவிட்டு மூன்றாம் முறை வைத்தேன், அதே முள். சுத்தம் என்று எழுதிவிடலாமா என்று யோசித்தேன். அவள் போவாள், நான் பெரிய மனிதன் ஆவேன், ஆறு மாதத்தில் அந்தக் கட்டடத்திலும் கல் வரும், மற்ற பத்துப் பேருக்கும் போக்கிடம் இருக்காது. உள்ளதை உள்ளபடி எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

தேவசகாயம் போனில் கேட்டான். “நல்லாப் பாத்தியா?”

“மூணு தடவ.”

“நீ பாத்தா சரியாத்தான் இருக்கும்,” என்றான்.

மறுநாள் காலை பெங்களூருக்குக் காரில் போனேன். இனி நான் மங்கையை நெருங்கத் தடையில்லை. ஒரு துணிப்பையோடு கேட்டைத் தாண்டிச் சாலை முனையில் நின்றாள். மொட்டைத் தலையில் அரும்பு விட்டிருந்தது. ஏறக்குறைய நாற்பது நாளாக மருந்து இல்லாத வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தாள். மாடி ஜன்னலில் தேவசகாயம் நின்று கை கூப்பினான். அவள் அவனைத் திரும்பிப் பார்த்துவிட்டு வண்டியில் ஏறினாள்.

“எவ்வளவு இருந்துது?” என்று கேட்டாள்.

“கொஞ்சம்தான். ஆனா இருந்துது.”

“வேற யாருக்கும் இல்ல.”

“இல்ல.”

“தாடி முழுக்க அந்தத் தூசியோட திரிஞ்சாரு, அவருக்கு இல்ல. எனக்கு இருக்கு.”

“நீ என்னோட இருந்தவ, மங்கை. என் சட்டையைத் தொவச்சிருக்க, பக்கத்துல படுத்திருக்க. மாசக்கணக்கா. அவன் மேல ஒரு நாள்தான் பட்டுது.”

“சரி.”

“நான் எழுதினது நெஜம்.”

“சரிங்க.”

அந்தச் ‘சரிங்க’வை எனக்குத் தெரியும். பல் வலிக்கவில்லை என்று பொய் சொல்லும் நோயாளியிடம் அவள் அப்படித்தான் சொல்வாள். ஆயுசில் நான் செய்த ஒரே யோக்கியமான காரியம், அதை நம்ப வேண்டியவள் நம்பவில்லை.

“குழாய் என்கிட்டதான் இருக்கு. ஹைதராபாத்துக்கு அனுப்பறேன். என்னைத் தெரியாதவங்க பாக்கட்டும். பத்து நாள்ல சொல்லிடுவாங்க.”

“நாளன்னிக்கு அவங்க கெளம்பிடுவாங்க. பத்து நாள் கழிச்சு எனக்கு எதுக்கு அது?”

“நான் பொய் சொல்லலைன்னு உனக்குத் தெரியணும்.”

அவள் என்னைப் பார்த்தாள். கோபம் இருந்தால் தேவலை என்று இருந்தது. இல்லை.

“வேண்டாங்க.”

“ஏன்?”

“சுத்தம்னு வந்துட்டா, அப்புறம் நான் எப்படி உங்களோட இருக்கிறது?”

சீட் பெல்ட்டை இழுத்து மாட்டப் போனாள். கொக்கி இரண்டு முறை தவறியது. நான் கையை நீட்டினேன், நானே போட்டுக்கறேன் என்றாள். அவள் போட்டு முடிக்கும் வரை காத்திருந்துவிட்டு வண்டியைக் கிளப்பினேன்.